கண்ணீர் கொட்டுகிறது, ஆனால் டாக்டர் ‘உலர் கண்’ என்கிறார். இது தீருமா?

கேள்வி கேட்டவர் சொல்வது இது: மாதக்கணக்கில் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், சாயங்காலமானால் எரிச்சல், பைக்கில் போனால் கண்ணீர் கொட்டுகிறது. கடையில் வாங்கிய சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம்தான் சுகம். இவ்வளவு கண்ணீர் வரும்போது இதை உலர் கண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நான் டாக்டர் இல்லை. காரைக்குடிக்காரி, பக்கத்துப் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். பகல் முழுக்கக் கம்ப்யூட்டர், தலைக்கு மேல் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே உமித்தூசி. எனக்கும் இந்தத் தொல்லை பல வருடமாக உண்டு. அதனால் எழுதுகிறேன்.

கண்ணீர் வெறும் உப்புத்தண்ணீர் இல்லை. கருவிழியை ஒட்டிச் சளித்தன்மையுள்ள ஒரு பூச்சு, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைத் தருகின்றன. ஒவ்வொரு தடவை இமைக்கும்போதும் கொஞ்சம் வெளியே வந்து கண் முழுக்கப் பரவும். அது குறைந்தால் அடியில் இருக்கும் நீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். கண் காய்ந்து எரியும், எரிகிறதே என்று கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகத் தண்ணீரை விடும். அந்தத் தண்ணீர் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்து போய்விடும். உங்களுக்கு நடப்பது அநேகமாக இதுதான். கண்ணீர்க் குழாய் அடைத்திருந்தாலும் வழியும், அதையும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆகவே, டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எனக்கு நீர் குறைவா, எண்ணெய் குறைவா? பெரும்பாலானவர்களுக்கு எண்ணெய்ப் பக்கம்தான் கோளாறு, சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். நீரை அளக்க ஷிர்மர் டெஸ்ட் என்று ஒன்று. கீழிமையில் ஒரு காகிதப் பட்டையை மாட்டி 5 நிமிடம் விடுவார்கள். 5 மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் நீர் நன்றாகவே குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்றில் மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். இமைக்காமல் இருக்கும்போது 10 நொடிக்குள் கண்ணீர்ப் படலம் உடைந்தால் அது நிலையாக இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் கண் என்றாலே மதுரைக்குப் பஸ் ஏறுவது வழக்கம், நானும் அங்கேதான் காட்டினேன். டாக்டரம்மா என் கீழிமையை விரலால் லேசாக அழுத்திவிட்டுத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். தெளிந்த எண்ணெயாக வர வேண்டியது, பற்பசை பிதுங்குவதுபோல் கெட்டியாக, வெள்ளையாக வந்தது. அதைப் பார்த்த பிறகு ஒத்தடத்தை நான் விடவே இல்லை.

ஒத்தடத்தில் சூடுதான் முக்கியம், கெட்டியான எண்ணெயை இளக்குவது அதுதான். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய கண்மேல் 5 முதல் 10 நிமிடம் வைக்க வேண்டும். துணி இரண்டு நிமிடத்திலேயே ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்காவிட்டால் பலன் இல்லை. சூட்டை முதலில் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், கொதிக்கக் கொதிக்க வேண்டாம். அப்புறம் மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெதுவாக நீவிவிட்டு, இமை விளிம்பைத் துடையுங்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். பலர் நாலாம் நாளே விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

இமைப்பதையும் கவனியுங்கள். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தடவை போல இமைப்போம், திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். ஃபேன், ஏசி காற்று முகத்தில் நேரே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் இது ஒன்றே பெரிய வித்தியாசம் தரும்.

சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், ப்ரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது) இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். பென்சல்கோனியம் குளோரைடு என்ற ப்ரிசர்வேட்டிவ் கலந்தது அடிக்கடி பட்டால் கருவிழியின் மேல்தோலையே கெடுக்கும். மீன் எண்ணெய் மாத்திரை பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். 2018இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தினம் 3,000 மில்லிகிராம் ஒமேகா-3 ஒரு வருடம் சாப்பிட்டவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் விளக்கெண்ணெய் விடச் சொன்னால், கண்ணுக்குள் வேண்டவே வேண்டாம்.

நீர்தான் குறைவு என்று தெரிந்தால் வழி வேறு. சைக்ளோஸ்போரின் சொட்டு தருவார்கள், அது வேலை செய்ய மாதங்கள் பிடிக்கும். கண்ணீர் வடியும் துளையைச் சிறு அடைப்பான் வைத்து மூடுவதும் உண்டு. பள்ளத்தூரில் இருக்கும் என் அத்தைக்குக் கண்ணோடு வாயும் காய்ந்துவிடும், இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவார். வயசானால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் இருந்துவிட்டோம். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் ஜோக்ரென் நோய் என்று தெரிந்தது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்கும் நோய். வாய் உலர்வோ மூட்டுவலியோ கூட இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகள் சிலவும் கண்ணை உலர்த்தும், அதையும் சொல்லுங்கள்.

அடியோடு போகுமா என்றால், பெரும்பாலும் போகாது. கட்டுக்குள் வைக்கலாம். நான் இன்றைக்கும் முழுநாள் வேலை பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று, இப்போதே செய்யுங்கள். கடையில் வாங்கிய அந்தப் பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ப்ரெட்னிசலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு உடனே அடங்குவதால் நல்ல மருந்து என்று தோன்றும். டாக்டர் பார்வையில் இல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பு பாழாகும். அப்படி இருந்தால், அடுத்த சொட்டுக்கு முன்னால் கண் டாக்டரிடம் பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.