துரு எங்கே தொடங்குகிறது: வீட்டு இரும்பு வேலை குறித்த கேள்வி பதில்

ஜன்னல் கிரில், வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி போன்ற வீட்டு இரும்பு வேலைகள் குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருபத்தெட்டு ஆண்டுகளாகப் பட்டறை நடத்துபவன் என்பதால் என் பதில்களில் துருவைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பட்டறையில் கிலோவுக்கு இவ்வளவு என்கிறார்கள், இன்னொன்றில் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார்கள். எப்படிப் பேசுவது நல்லது? (வீடு கட்டிக்கொண்டிருப்பவர், திருச்சி)

கிலோக் கணக்கில் பேசினால் கம்பி தடிக்கும். சதுர அடிக் கணக்கில் பேசினால் கம்பி மெலியும். இது எங்கள் தொழிலின் இயல்பு என்பதால், எப்படிப் பேசினாலும் எடையை முன்கூட்டியே நீங்களே கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சதுரக் கம்பியின் பக்க அளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, வருவதை 0.00785-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். உருண்டைக் கம்பிக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் போதும்.

நான்கடிக்கு நான்கடி ஜன்னல் ஒன்றை, அதாவது ஏறத்தாழ 1.2 மீட்டர் சதுரத்தை, எடுத்துக்கொள்வோம். சுற்றுச் சட்டமும் நடுவே இரண்டு குறுக்குப் பட்டைகளும் 25 மி.மீ. அகலமும் 5 மி.மீ. கனமும் உள்ள பட்டையில் என்றால், மீட்டருக்கு 0.98 கிலோ வீதம் 7.2 மீட்டருக்கு ஏழு கிலோ ஆகிறது. பதினொரு செங்குத்துக் கம்பிகள் 12 மி.மீ. சதுரத்தில் என்றால் ஏறத்தாழ 15 கிலோ. ஆக மொத்தம் 22 கிலோ. அதே ஜன்னலுக்கு 10 மி.மீ. கம்பி போட்டால் பதினேழரைக் கிலோவில் முடிந்துவிடும். வேலை முடிந்தபின் எடைச்சீட்டில் 28 கிலோ என்று வந்தால் எங்கே கூடியது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சதுர அடிக்குப் பேசுபவர்கள் எடையோடு கம்பியின் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு, வேலை நடக்கும்போது வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். 12 என்று சொல்லப்படும் கம்பி 11 காட்டினால், பார்வைக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

ஆண்டுதோறும் பெயின்ட் அடித்தும், பாக்ஸ் பைப்பில் செய்த எங்கள் கேட்டின் கீழ்ச்சட்டம் நான்கே ஆண்டுகளில் பொத்தலாகிவிட்டது. பெயின்ட் சரியில்லையா? (தூத்துக்குடி)

பெயின்ட்டின் மீது பழியில்லை ஐயா. உங்கள் கேட் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கிறது. செங்குத்துக் குழாய்களின் மேல்முனையில் மூடி முழுமையாக வெல்டு செய்யப்படாமல் நான்கு மூலையிலும் புள்ளி வைத்து, இடைவெளியைப் பட்டி பூசி மறைத்துவிடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. ஒரு கோடை வெயிலிலேயே பட்டியில் மயிரிழை விரிசல் விழுந்துவிடும். மழை அதன் வழியே இறங்கிக் கீழ்ச்சட்டத்தில் தேங்கும். வெளியேற வழி இருக்காது. சென்ற ஆண்டு பழுதுக்கு வந்த ஒரு கேட்டின் கீழ்ச்சட்டத்தை கிரைண்டரால் அறுத்தபோது, மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தும், காபி நிறத்தில் ஒரு குவளை நீர் தரையில் கொட்டியது. வெளிப்பக்கத்துப் பெயின்ட் அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

புதிய கீழ்ச்சட்டம் போடும்போது மூன்று செய்திகளை வலியுறுத்துங்கள். குழாயின் கனம் 2 மி.மீ. இருக்கட்டும், 1.2 மி.மீ. குழாய் வீட்டினுள் அலங்காரத்துக்குச் சரி, வாசலுக்கு ஆகாது. மேல்மூடிகளையும் மூட்டுகளையும் சுற்றிலும் முழுமையாக வெல்டு செய்யச் சொல்லுங்கள். கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்தில் இரண்டடிக்கு ஒன்றாக 8 மி.மீ. துளை போடச் சொல்லுங்கள். துளை போட்டால் துருப்பிடிக்காதா என்று பலர் தயங்குகிறார்கள். நீர் வெளியே போகும் இரும்பைவிட நீரைக் குடித்து வைத்திருக்கும் இரும்புதான் விரைவில் அழிகிறது. பெயின்ட் அடித்த பிறகு வேலையைச் சோதிக்க விரும்பினால் ஒரு சிறு காந்தத்தை மூட்டுகளின்மேல் நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் காந்தத்தின் பிடி தளர்ந்துவிடும்.

கடலோர வீட்டுக்கு கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) செய்வது செலவுக்கு ஏற்றதா? பவுடர் கோட்டிங் போதாதா? (நாகப்பட்டினம்)

ஏற்றதுதான். முழுக் கிரில்லையும் செய்து முடித்தபின், ஏறத்தாழ 450 டிகிரியில் உருகியிருக்கும் துத்தநாகத் தொட்டியில் அமிழ்த்தி எடுக்கும் முறையைக் கேளுங்கள். மூலைமுடுக்கெல்லாம் பூச்சு ஏறும். குழாயில் செய்த பொருளாக இருந்தால் காற்றோட்டத் துளைகள் கட்டாயம் வேண்டும், ஏனெனில் அடைபட்ட குழாய்க்குள் இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் ஆவியாகிக் குழாயையே வெடிக்கச் செய்யக்கூடும். சுவரில் பதிக்கும்போது ஏதாவது வெல்டு செய்ய நேர்ந்தால், அந்த இடத்தின் துத்தநாகம் எரிந்துவிடும் என்பதால் துத்தநாகச் செறிவுள்ள பெயின்ட்டை அங்கே அடித்துவிடுங்கள். வண்ணத்தூளைத் தூவிச் சூட்டில் படியவைக்கும் பவுடர் கோட்டிங் அழகானது. வெறும் இரும்பின்மேல் மட்டும் ஏற்றினால், ஒரு கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு அடியில் பரவி, பூச்சு தோல் உரிவதுபோல உரிந்து வரும். கால்வனைஸின் மேல் பவுடர் கோட்டிங் என்பது கடலோரத்துக்குச் சிறந்த சேர்க்கை.

கால்வனைஸ் குழாயை வெல்டு செய்பவர்கள் பால் குடித்தால் புகை பாதிக்காது என்பது உண்மையா? (வெல்டிங் பழகுபவர், ஓசூர்)

உண்மையில்லை தம்பி. துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கோ 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே வெல்டு பிடிக்கும் முன்பே வெண்புகை கிளம்பி நுரையீரலுக்குள் போகிறது. நுரையீரலுக்குப் போனதை வயிற்றுக்குப் போகும் பால் எப்படித் தடுக்கும்? சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் உடல்வலியும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும் என்பதாலேயே இதைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். மூச்சுத் திணறல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெல்டு செய்யும் இடத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று வரும் திசைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, உலோகப் புகைக்கு உரிய முகமூடி அணிந்து வேலை செய்யுங்கள்.

எதிர்வீட்டில் கேட் வெல்டு செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகனுக்கு இரவில் கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல். உருளைக்கிழங்கு வைக்கலாமா? (மதுரை)

எதையும் வைக்காதீர்கள் அம்மா. கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடுகிறது. வலி அப்போதே தெரியாமல் சில மணி நேரம் கழித்து வருவதால்தான் குழந்தைகள் பயமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாதாரணக் கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. தெருவில் வேலை செய்யும்போது ஒரு தார்ப்பாயையாவது மறைப்பாகக் கட்டுவது எங்களைப் போன்றவர்களின் கடமை. நாங்கள் அதைப் பெரும்பாலும் செய்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைகளில் 'ராட் அயர்ன்' என்று விற்கும் கட்டிலும் ஊஞ்சலும் உண்மையிலேயே தேனிரும்புதானா? (கோயம்புத்தூர்)

இல்லை. தேனிரும்பில் கசடு நூலிழைகளாக ஓடும். முறித்துப் பார்த்தால் மரநார் போலத் தெரியும். 1889-இல் முடிந்த ஈபிள் கோபுரம் அத்தகைய இரும்பில் எழுந்தது. பின்னர் மலிவான எஃகு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இங்கிலாந்தின் போல்டன் நகரில் அதைச் செய்துவந்த ஆலையும் 1973-இல் மூடப்பட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பது சாதாரண மென் எஃகு. அதனால் அது மட்டம் என்று பொருளில்லை.

பார்க்க வேண்டியது செய்நேர்த்தியை. உலையில் ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சி, பட்டறைக்கல்லில் நுனியை அடித்து மெலிதாக்கிச் சுருட்டிய சுருளில், கம்பி மையத்தை நோக்கிப் போகப்போக மெலிந்துகொண்டே செல்லும். அச்சில் வைத்துக் குளிர்நிலையிலேயே வளைத்த சுருளில் முனை வெட்டுப்பட்டபடி மொட்டையாக நிற்கும். இரண்டு சுருள்கள் தொடும் இடத்தில் பூண் (சுற்றிப் பிடிக்கும் இரும்பு வளையம்) போட்டு இறுக்கியிருந்தால் அழகுதான்; ஆனால் மழையில் நனையும் இடமென்றால் பூணுக்கு அடியில் நீர் தங்கும் என்பதால், பூணை மாட்டும் முன்பே உள்ளே பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பூர்வீக வீட்டு முற்றத்திலுள்ள இரும்புத் தூணின் மேல்பகுதி அலங்காரத்தில் விரிசல். வெல்டு செய்யலாமா? (காரைக்குடி)

முதலில் அது வார்ப்பிரும்பா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். தூணின் அடியில் புடைப்பெழுத்தில் வார்ப்பாலையின் பெயர் இருக்கிறதா என்றும் தேடுங்கள். கிளாஸ்கோவின் சாரசென் வார்ப்பாலை போன்றவை இத்தகைய பொருள்களை இந்தியாவுக்கும் கப்பலில் அனுப்பியவை. வார்ப்பிரும்பில் கரி 2 முதல் 4 விழுக்காடு வரை இருப்பதால், சாதாரண வெல்டிங் ராடால் (வெல்டிங் குச்சியால்) வெல்டு செய்தால் ஆறும்போது வெல்டுக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் 'டிக்' என்ற ஓசையோடு ஓடும். நிக்கல் ராடில் ஒவ்வோர் அங்குலமாக வைத்து, மெதுவாக ஆறவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. அலங்காரப் பகுதி என்றால் பித்தளை கொண்டு பற்றவைப்பதும் பொருந்தும். விரிசல் சுமை தாங்கும் தண்டு வரை இறங்கியிருந்தால் வெல்டரை அழைக்காதீர்கள், கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

எல்லா ஜன்னலுக்கும் நிலையான கிரில் போட்டால் பாதுகாப்புதானே? (சென்னை)

திருடனுக்கு எதிராகப் பாதுகாப்பு. தீ பிடித்தால் அதுவே கூண்டு. மாடியில் ஓர் ஜன்னலிலாவது ஆள் நுழையும் அளவுக்குக் கீல் வைத்த பகுதியை அமைத்து, பூட்டை உட்புறம் வைத்து, சாவி இருக்கும் இடத்தை வீட்டில் அனைவருக்கும் சொல்லிவையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பால்கனிக்குக் கிடைக்கம்பி வடிவம் வேண்டாம், அது ஏணியாகிவிடும்.

ஒற்றைக் கதவு கேட் தரையில் உரசுகிறது. கீலை மாற்றினால் போதுமா? (ஈரோடு)

டேப் வைத்துக் கேட்டின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் கேட் நேராகத்தான் இருக்கிறது. கீல் தேய்ந்திருக்கலாம், அல்லது தூண் சாய்ந்திருக்கலாம். அளவு மாறினால் சட்டமே கோணிவிட்டது. அப்போது கேட்டை ஜாக்கி வைத்து உயர்த்தி நேராக்கிக்கொண்டு, கீழ்க்கீல் மூலையிலிருந்து எதிரேயுள்ள மேல்மூலைக்கு ஒரு குழாயைக் குறுக்காக வெல்டு செய்ய வேண்டும். சுமை அதை அமுக்கும் என்பதால் அங்கே மெல்லிய பட்டை வளைந்துவிடும். பட்டைதான் கைவசம் இருக்கிறது என்றால் மேல்க்கீல் மூலையிலிருந்து எதிரேயுள்ள கீழ்மூலைக்கு இழுத்துக் கட்டுங்கள். அந்தக் கீழ்மூலையில் நீர் வடிய ஒரு துளை போட மறக்க வேண்டாம்.