சட்டைப் பையில் ஒரு டீ பேக்

கேள்வி: அக்கா, நாங்கள் தேவாலா பக்கம் எஸ்டேட் லைனில் குடியிருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன், வீட்டுக்காரர் ஃபேக்டரியில். மகன் பத்தாவது படிக்கிறான். யூனிஃபார்ம் துவைக்கும்போது சட்டைப் பையில் டீ பேக் மாதிரி ஒன்று கிடந்தது, புதினா வாசம் அடித்தது. பக்கத்து வீட்டுப் பையன்தான் அது கூல் லிப், வாயில் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலை என்றான். இவர் பெல்ட்டை எடுத்த பிறகுதான் ஒரு வருஷமாகப் பழக்கம் என்று ஒத்துக்கொண்டான். மாரியம்மன் கோயிலில் சூடத்தில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். ஒன்பது நாள் ஒழுங்காக இருந்து ஏமாற்றிவிட்டான், பத்தாம் நாள் மறுபடியும் அதே பை. படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு பனியன் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் இவர். எனக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு, அட்டை கடிக்காமல் இருக்கக் கையில் புகையிலையும் வைத்திருப்பேன். மற்றபடி எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. இவனுக்கு மட்டும் ஏன் இப்படி?
- பெயர் வேண்டாம், பந்தலூர் வட்டம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

திருப்பூர் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிடுவதற்குள் இந்த இதழ் உங்கள் கைக்கு வர வேண்டுமே என்று இதை முதலில் எழுதுகிறேன். அங்கே அவனுக்குக் கையில் வாரச் சம்பளம் இருக்கும், தெருமுனையில் பெட்டிக்கடை இருக்கும், கேட்பதற்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள். பெல்ட்டும் வேண்டாம். இன்னொரு தடவை எடுத்தால் அடுத்த பாக்கெட்டை இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளித்துவைப்பான், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ஒன்பது நாள். ஏமாற்றிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத்தான் இரண்டு மூன்று தடவை படித்தேன். புகையிலையில் இருக்கும் நிக்கோட்டினை நிறுத்தினால் உடம்பு படுத்துகிற பாடு இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் உச்சத்தில் இருக்கும். தலை வலிக்கும், தூக்கம் வராது, யார் பேசினாலும் எரிந்து விழத் தோன்றும், புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி மண்டையில் ஏறாது. பிறகு மூன்று நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும். உங்கள் பையன் மருந்து இல்லாமல், ஆலோசனை சொல்ல ஆள் இல்லாமல், அம்மனுக்குப் பயந்தே அந்த மூன்று நாளைத் தாண்டியிருக்கிறான். நாடுகாணி ஏற்றத்தை ஏறி முடித்துவிட்டுச் சமதளத்தில் தடுக்கி விழுந்த மாதிரி. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டீர்களா? கூட்டாளி நீட்டினானா, பரீட்சையில் மார்க் போனதா, பழைய பாக்கெட் எங்காவது மிச்சம் இருந்ததா? திட்டாமல் கேளுங்கள். அந்தப் பதில் தெரிந்தால்தான் அடுத்த பத்தாம் நாளுக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்ய முடியும்.

அவனுக்கு மட்டும் ஏன் என்கிறீர்கள். அவனுக்கு மட்டும் இல்லை. 2019-ல் நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் எடுத்த கணக்கில், 13 முதல் 15 வயது வரையுள்ளவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைத் தொடுகிறார்கள் என்று வந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று நான்கு பேர். இந்தப் பையோ புகை வராது, துப்ப வேண்டாம், புதினா வாசம் வேறு. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிக்கொண்டு கணக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்தால் எந்த வாத்தியாருக்குத் தெரியும்? டீ பேக் என்று நீங்கள் நினைத்ததில் தப்பே இல்லை, வேலையும் அதேதான். வெந்நீருக்குப் பதில் எச்சில். சாறு ஈறு வழியாக ரத்தத்துக்குப் போய் மூளையைத் தொடுகிறது. மூளை முழுதாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயது ஆகும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை இதற்குச் சீக்கிரம் பழகும், விடுவது கஷ்டம். கெட்ட புத்தி என்று இதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடுகிறீர்களா? எஸ்டேட்டில் பலரும் அப்படித்தான் என்பதால் கேட்கிறேன். எங்கள் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, தலை சுற்றி நான் திண்ணையில் வாந்தி எடுத்ததை எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். பாட்டியின் பையைக் கெட்ட பழக்கம் என்று யாரும் நினைத்ததில்லை. கூல் லிப்பில் இருப்பதும் அதே புகையிலைதான், மேலே புதினா. நனைத்த புகையிலையைக் காலில் தேய்த்தால் அட்டை கிட்டே வராமல் போவது எதனால்? பூச்சி தின்றுவிடாமல் இருக்க அந்தச் செடி தயாரித்து வைத்திருக்கிற விஷம்தான் நிக்கோட்டின். புகையிலைக் கரைசலைக் காய்கறிக்கு அடிப்பதும் அதனால்தான். போதாததற்கு, பாக்கும் வாய்ப் புற்றுநோயைத் தரக்கூடியது. அட்டைக்கு உப்பு போதும், தங்கை.

ஆகவே இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்து விடுங்கள். “நானும் உன்னோடு விடப்போறேன், எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்” என்று அவனிடம் சொல்லுங்கள். சத்தியம் வேண்டாம். மீறியதும் அம்மன் கோபத்துக்குப் பயந்து உங்களிடமும் மறைப்பான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரம்பியுங்கள். மோசமான நாட்களில் பாதி வீட்டிலேயே கழிந்துவிடும். அதற்கு முன்னால் 1800-11-2356 என்ற எண்ணுக்கு இரண்டு பேரும் பேசுங்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்கான அரசாங்க எண், காசு கிடையாது, தமிழில் பேசலாம். மனசு ரொம்ப அலைபாய்ந்தால் 14416, அது அரசாங்கத்தின் மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். நிக்கோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். பதினெட்டு வயது ஆகாத பையனுக்கு டாக்டரைக் கேட்காமல் வாங்கித் தராதீர்கள். டார்ச் அடித்து அவன் உதட்டின் உள்பக்கத்தையும் ஈறையும் பாருங்கள், உங்கள் கன்னத்தையும் அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரமாக ஆறாத புண்ணோ இருந்தால் பல் டாக்டரிடம் போக வேண்டும்.

கடைக்காரரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, தெரிந்தவராக இருப்பார். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சிறுவர்களுக்குக் கொடுத்தால் 2015-ன் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். கூல் லிப் மாதிரியான சரக்குக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்தே தடை. நாடு முழுக்கத் தடை செய்தால் என்ன என்று 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் கேட்டது. மூன்று மாநிலம் சந்திக்கிற இடத்தில் ஒரு மாநிலத்துத் தடை என்ன ஆகும் என்பது எனக்கு நீங்கள் சொல்ல வேண்டிய விஷயம். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். லைனில் நாலு அம்மாக்களாகச் சேர்ந்து தலைமையாசிரியரிடம் போங்கள், அவர் எழுதிக் கொடுத்தால் போலீஸும் உணவுப் பாதுகாப்புத் துறையும் வந்து பார்க்கும்.

வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஏக்கம் ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான் நிற்கும். உங்கள் பக்கத்தில் ஏலக்காய்க்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை காலையில் அவன் பள்ளிக்குக் கிளம்பும்போது ஐந்தாறு ஏலக்காயை அதே சட்டைப் பையில் போட்டு அனுப்புங்கள். மிச்சத்தை உங்கள் சுருக்குப் பையில் முடிந்துகொண்டு மலைக்குப் போங்கள்.