ரப்பர் தரை: எந்த ரப்பர் என்று கேட்டீர்களா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். ஆயா சமையலறை டைல்ஸில் இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். ரப்பர் தரை போட்டால் வழுக்காது, விழுந்தாலும் அடி பலமாக இருக்காது என்கிறார் கடைக்காரர். சமையலறை, சாமி அறை, வராண்டா மூன்றுக்கும் ஒரே சரக்கு போதுமாம். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் மூன்று இடத்துக்கும் ஒன்றே போதும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ரப்பர் என்று சொல்லிப் பல சரக்கு விற்கிறார்கள். பழைய டயரைத் தூளாக்கிப் பசை சேர்த்து அழுத்திய கறுப்பு ஓடு ஒன்று. விலை குறைவு, வாசனை அதிகம். ஜிம்முக்கு ஏற்றது. வழவழப்பான புது ரப்பர் விரிப்பு இன்னொன்று. ஆஸ்பத்திரி நடைகளில் பார்த்திருப்பீர்கள். வெயில் தாங்கும் இ.பி.டி.எம். ரப்பர் வேறு. இவை போதாதென்று வினைல் என்ற பிளாஸ்டிக்கையே ரப்பர் என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. அதனால் என்ன ரப்பர் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நம் வீட்டுச் சமையலறையில்தான் சிக்கல். சாதாரண ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. வடை சுடும்போது தெறிக்கும் எண்ணெயைத் துடைக்காமல் விட்டால் நாளடைவில் அந்த இடம் உப்பி மெத்தென்று ஆகிவிடும். கடையில் கையளவு துண்டு கேட்டு வாங்கி, ஒரு மூலையில் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் வையுங்கள். மறு மூலையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பான ரப்பரும் சோப்புத் தண்ணீரில் வழுக்கும். மேலே புடைப்போ சொரசொரப்போ இருப்பதையே எடுங்கள். துண்டு தர யோசிக்கும் கடையில் நான் வாங்க மாட்டேன்.

சாமி அறைக்கு வேண்டாம். விளக்கிலிருந்து எண்ணெய் சிந்தும், கற்பூரம் விழும். ரப்பர் எரிந்தால் கரும்புகை மண்டிவிடும். அங்கே டைல்ஸே இருக்கட்டும். வெயில் விழும் வராண்டாவில் டயர் ஓடு போட்டால் டர்பனின் ஜனவரிக் கோடையில் வெறுங்காலை வைக்க முடியாது. அங்கே வெளிர் நிற இ.பி.டி.எம். சரிவரும்.

அப்புறம், சிமென்ட் தரையில் ஒட்டுவதானால் முதலில் ஈரம் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் பசை நிற்காது. விலை கேட்கும்போது 15 சதவீத வாட் வரி சேர்த்தா, பசையும் கூலியும் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். கடை ஆட்களே வந்து ஒட்டிய ரப்பர் ஓடு மூன்று வாரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது. ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பித் தரலாம். சரிசெய்வதா, மாற்றுவதா, பணமா என்று முடிவு செய்வது நீங்கள், கடைக்காரர் அல்ல. ரசீதில் எதை அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பினால்தான் கடையின் விதி செல்லும்.

ஓட்டில் குறையில்லை, தரையில்தான் ஈரம் என்பார்கள். ஒட்டியது அவர்கள் ஆட்கள்தானே, ஈரம் பார்க்க வேண்டியதும் அவர்கள் வேலை. நீங்களே ஒட்டியிருந்தால் பேச்சு வேறு.

படம் எடுத்து, தேதி போட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையவில்லை என்றால் நுகர்வோர் பொருள், சேவை குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. பெயர்ந்து வந்த ஓடுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அடியில் ஒட்டியிருக்கும் பசையோடு அப்படியே எடுத்து வையுங்கள்.