உப்பின பேட்டரி, சுடுகிற செல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறேன். ராத்திரி வலை பார்க்க இரண்டு செல் போடும் சார்ஜ் டார்ச் வைத்திருக்கிறேன். ஒரு செல் போய்விட்டது என்று ரோட்டுக் கடையில் '9900 எம்ஏஎச்' என்று போட்ட புது செல் ஒன்று மலிவாகக் கிடைத்ததை வாங்கி, மிச்சமிருந்த பழையதோடு சேர்த்துப் போட்டேன். சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத சூடு. இப்படியே ஓட்டலாமா?
வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: ஓட்டாதீர்கள். இன்றைக்கே இரண்டு செல்லையும் கழற்றி வையுங்கள்.

உங்கள் டார்ச்சில் இருப்பது 18650 என்ற லித்தியம் செல்லாகத்தான் இருக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதனால் அந்த எண். எம்ஏஎச் என்பது செல் எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற கணக்கு. இந்த அளவுக்குள் நல்ல கம்பெனிகளே 3,500 எம்ஏஎச் பக்கம்தான் அடைக்க முடிகிறது, அப்படியிருக்க 9,900 என்று அச்சடித்தவன் அப்பட்டமாகப் பொய் சொல்கிறான், அந்த ஒரு விஷயத்தில் பொய் சொன்னவன் உள்ளே பாதுகாப்புக்கு வைக்க வேண்டியதை ஒழுங்காக வைத்திருப்பான் என்று நான் நம்ப மாட்டேன். நல்ல செல் கையில் கனமாக இருக்கும், 45 கிராம் சுமார். இதற்குக் கீழே நிறைய குறைந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது பழையதையும் புதியதையும் ஜோடி சேர்த்தது. வரிசையாகப் போட்ட இரண்டு செல்லில் பலம் குறைந்தது முதலில் தீர்ந்துவிடும், டார்ச் எரிந்துகொண்டே இருந்தால் மற்றது அதை முழுசாகத் தீர்ந்த நிலைக்கும் கீழே தள்ள ஆரம்பிக்கும். இந்த வகை செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. அப்படி அடிமட்டத்துக்குப் போன செல்லை மறுபடி சார்ஜ் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. அதனால் இரண்டையும் ஒரே கம்பெனியில், ஒரே நாளில் வாங்குங்கள், சேர்ந்தே சார்ஜ் போடுங்கள், மாற்றும்போதும் சேர்த்தே மாற்றுங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, செல்லின் மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் இருக்கும் உலோக உடம்பு முழுக்க நெகட்டிவ். மேலே பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் வரைக்கும் நெகட்டிவ்தான், நடுவில் ஒரு சின்ன வளையம் மட்டும் தடுப்பு. அங்கே உறை கிழிந்தால் டார்ச்சுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். ஸ்பேர் செல்லை சாவி, சில்லறையோடு ஒரே பாக்கெட்டில் போடுவதும் இதே ஆபத்துதான். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும், படகில் அந்த டப்பாவை எரிபொருள் கேனிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடல்தண்ணீர் உள்ளே போனால் செல்லைக் கழற்றிவிட்டு டார்ச்சின் உடம்பை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். உப்புத்தண்ணீரில் ஊறிய செல் காய்ந்த பிறகு நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் சார்ஜ் போட வேண்டாம். அந்தச் செல்லுக்கு நீங்கள் கொடுத்த காசை விட நடுக்கடலில் உங்கள் உயிர் பெரிது.

கேள்வி: என் மகனின் போனில் பின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போன் வேலை செய்கிறது. ரப்பர் பேண்டு போட்டு அழுத்தி வைத்திருக்கிறான். தலையணைக்குக் கீழே வைத்துத்தான் சார்ஜ் போடுவான். பயமாக இருக்கிறது.
வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. பேட்டரிக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, அதுதான் உப்பி மூடியைத் தள்ளுகிறது. ரப்பர் பேண்டை எடுத்துவிடச் சொல்லுங்கள், அழுத்துவதால் வாயு எங்கேயும் போகாது, உள்ளே பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரித்து வைக்கும் மெல்லிய தடுப்புதான் நசுங்கும். ஊசியால் குத்தி காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே வேண்டாம், அது தீப்பிடிக்கிற வேலை. சார்ஜ் போடாமல் போனை அணைத்து, மெத்தை, துணி பக்கத்தில் இல்லாமல் சிமெண்டுத் தரையில் வைத்து, கடையில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.

தலையணைக்குக் கீழே சார்ஜ் போடுவது இன்றோடு நிற்க வேண்டும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போய் ஃபேனும் நின்ற அறையில், தலையணைக்கு அடியில் இருக்கும் போன் எவ்வளவு சூட்டில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டியின் டிக்கியும் அப்படித்தான்.

புகை வந்தால் முதலில் மெயின் சுவிட்ச், அப்புறம் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது, அதில் நச்சு உண்டு. கரண்ட் நின்ற பிறகு தள்ளி நின்று நிறைய தண்ணீர் ஊற்றலாம், தண்ணீர் சூட்டைத் தணிக்கும். பெரிதானால் 101.

கேள்வி: பிபி மெஷினுக்கு ரீசார்ஜ் செல் போடலாமா? சாதாரண பென்சில் செல்லை அதே சார்ஜரில் போடலாமா?
வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: முதலாவது, பெரும்பாலும் போடலாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட், சாதாரண செல் 1.5. சில மெஷின்கள் இந்தக் குறைவைப் பார்த்து 'பேட்டரி தீர்ந்தது' என்று காட்டும், அதனால் கூட வந்த புத்தகத்தைப் பாருங்கள். இரண்டாவது, கூடவே கூடாது. சாதாரண செல் மறுபடி சார்ஜ் ஏற்றச் செய்ததே இல்லை, கசியும், சில சமயம் வெடிக்கும். லித்தியம் செல்லையும் நிக்கல் சார்ஜரில் வைக்காதீர்கள்.

கேள்வி: பழைய செல்களைக் குப்பையில் போடலாமா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேண்டாம். குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கேயே தீப்பிடிக்கும், அதைக் கையால் பிரிப்பவர்களுக்குத்தான் முதல் அடி. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்ப எடுக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன, அதனால் வாங்கிய கடையிலும் மின்கழிவு வாங்குபவரிடமும் கேளுங்கள். கொடுக்கும் வரைக்கும் ஒவ்வொரு செல்லின் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.