வரையத் தெரியாதவர் படங்களை எடைபோடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதிக்குப் புதிதாக வந்திருக்கும் படப் புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை வாசகர் வட்டத்தில் மூன்று பேரிடம் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இருவரும் கலர் பளிச்சென்று இருந்தால் உடனே சரி என்று எடுத்து வைத்துவிடுகிறார்கள். எனக்கு என்னவோ இடிக்கிறது, ஆனால் காரணம் சொல்ல வரவில்லை. கோலம் தவிர வேறெதுவும் வரையத் தெரியாத நான், படம் நல்லதா இல்லையா என்று எப்படிச் சொல்வது?
வாசகி, தூத்துக்குடி

பதில்: தாராளமாகச் சொல்லலாம். படத்தைத் தனியாக எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்பது இங்கே இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, எழுத்தில் இல்லாத எதையாவது படம் சொல்கிறதா என்பது. அதைக் கண்டுபிடிக்கத் தூரிகை பிடித்திருக்க வேண்டியதில்லை.

பாட் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்துக்காரரின் 'ரோஸீஸ் வாக்' 1968இல் வந்தது. ஒரு கோழி முற்றத்தைத் தாண்டி, குளத்தைச் சுற்றி, வைக்கோல் போர் மேலேறி இறங்கி, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. அவ்வளவுதான் கதை, ஆங்கிலத்தில் மொத்தமே 32 சொற்கள். அதில் நரி என்ற பேச்சே கிடையாது. ஆனால் படத்தில் கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி வருகிறது. ஒரு பக்கத்தில் அது பாயும்போது கீழே பல் வைத்த குப்பைவாரி ஒன்று கிடக்கிறது, நரி அதைப் பார்க்கவில்லை, நாம் பார்த்துவிட்டோம், அடுத்த பக்கத்தைப் புரட்டினால் வாரியின் காம்பு எழும்பி அதன் மூக்கில் அறைகிறது. கோழி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாசித்துக் காட்டும் அம்மா கோழியைப் பற்றி மட்டும் சொல்லிக்கொண்டு போக, எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளை நரி, நரி என்று கத்துவதற்காகவே செய்த புத்தகம் அது.

அதனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு கடைசி வரை புரட்டுங்கள். கதை ஓரளவு பிடிபட வேண்டும், அடுத்த பக்கத்தில் என்ன என்று கை பரபரக்க வேண்டும். அப்புறம் எழுத்தோடு சேர்த்துப் படியுங்கள். 'பாட்டி கிணற்றடியில் நின்றாள்' என்று எழுதியிருக்கிறது, படத்திலும் ஒரு பாட்டி, ஒரு கிணறு, வேறொன்றும் இல்லை என்றால் ஓவியர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் பளிச் விஷயத்துக்கு வருவோம். மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) புத்தகத்தில் பளிச்சென்று எதுவும் கிடையாது, மங்கலான நிறங்களும் பேனாவால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த கோடுகளும்தான். ஆனால் பையன் வீட்டில் சேட்டை செய்யும்போது சுற்றிலும் வெள்ளை விட்டுச் சின்னதாகத் தொடங்கும் படம், அவன் கற்பனை பெருகப் பெருகத் தானும் பெரிதாகிக்கொண்டே போய், பூதங்களோடு ஆட்டம் போடும் இடத்தில் எழுத்தையே வெளியே தள்ளிவிட்டு இரண்டு பக்கத்தையும் முழுசாகப் பிடித்துக்கொள்கிறது. அவன் வீடு திரும்பும்போது படம் மறுபடி சுருங்குகிறது, கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. அடுத்த ஆண்டு அதற்கு அமெரிக்க நூலகச் சங்கத்தின் கால்டெகாட் பதக்கம் கிடைத்தது. 1938 முதல் படப் புத்தக ஓவியத்துக்கென்றே கொடுத்துவரும் பதக்கம் அது. கதைக்கு ஏற்ற பாணியா, கதையைப் படம் எப்படி விரித்துக் காட்டுகிறது என்றெல்லாம் பார்க்கச் சொல்லும் அதன் விதிகள், நீதி போதிப்பதற்காகவோ பிரபலமாக இருப்பதற்காகவோ இந்தப் பரிசு இல்லை என்றும் வெளிப்படையாகச் சொல்கின்றன. நம் ஊரில் 'நல்ல கருத்து' என்ற ஒரே காரணத்துக்காகச் சுமாரான படங்களை மன்னித்துவிடுகிறோம், அந்தத் தாராளம் வேண்டாம்.

சின்னச் சின்ன விஷயங்களில் கொஞ்சம் கறாராகவே இருங்கள். கதை நடப்பது தேனிப் பக்கம், படத்தில் ஓட்டு வீட்டுக்கு மேல் புகைபோக்கி. எழுத்தில் கொய்யா, படத்தில் ஆப்பிள். மூன்றாம் பக்கத்தில் பச்சைப் பாவாடையோடு கிளம்பிய பெண் காரணமே இல்லாமல் ஆறாம் பக்கத்தில் நீலத்தில் நிற்கிறாள். பெரியவர்கள் கவனிக்க மாட்டோம், பிள்ளைகள் முதல் தடவையே பிடித்துவிடுவார்கள். இப்போது ஏஐ வரைந்து தள்ளும் படங்களும் புத்தகமாக வருகின்றன. ஒரே பாத்திரத்தின் முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறதா, விரல்கள் சரியாக இருக்கின்றனவா, பின்னால் நிற்கும் கூட்டத்துக்கு முகம் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கத்துக்கும் விரியும் படமானால் புத்தகத்தை நன்றாக விரித்து, நடு மடிப்பில் யாருடைய மூக்காவது போய் மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யவே கூடாது, ஓவியரின் உழைப்பு முழுக்க அங்கேயே தீர்ந்துபோன புத்தகங்கள் நிறைய.

மற்ற இருவரிடமும் பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று வாதாடாதீர்கள். தேர்வுக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பக்கத்தைத் திறந்து, எழுத்து சொல்லாத எதை இந்தப் படம் சொல்கிறது என்று மூன்று பேரும் ஆளுக்கொன்று சொல்ல வேண்டும் என வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குமே ஒன்றும் சொல்ல வரவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை எடுக்காதீர்கள், கலர் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சரி.