தகரக் கூரைக்குக் கீழே ஒரு மவுனப் படம்

கேள்வி: தவக்காலத்தில் எங்கள் அன்பியத்தின் (பங்கிலுள்ள குடும்பங்களின் சிறு குழு) சார்பில் 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' படத்தைத் திரையிட இருக்கிறோம். நூறு பேர் அமரும் பங்கு மண்டபம், தகரக் கூரை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: நல்ல காலமாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் கூரையில் விழும் மழையே படத்தை விழுங்கிவிடும். க்ஸாவியே பொவுவா 2010-இல் எடுத்த இந்தப் பிரெஞ்சுப் படம், அல்ஜீரியாவில் ஆயுதக்குழுக்களின் ஆபத்து தெரிந்தும் மடத்தைவிட்டுப் போகாத கத்தோலிக்கத் துறவிகளின் உண்மைக் கதை. இதில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. துறவிகளின் செபப்பாடல், காலடிச் சத்தம், பிறகு நீண்ட மவுனம். அதனால் ஜெனரேட்டரை ஜன்னலடியில் வைக்காதீர்கள்; கட்டடத்தின் பின்புறம், தள்ளி இருக்கட்டும்.

இன்வெர்ட்டர் இருந்தால் இன்னும் நல்லது. புரொஜெக்டர், லேப்டாப், ஸ்பீக்கர் மூன்றும் சேர்ந்து 500 வாட் இழுத்தாலும், நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். படமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்வெர்ட்டரின் சுவிட்சை 'யு.பி.எஸ்.' பக்கம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போய் மாறுகிற அந்த நொடியில் புரொஜெக்டர் அணைந்துவிடும். பல்பு ஆறும்வரை மறுபடி எரியாது. குளிரில் கொண்டுவந்த புரொஜெக்டரை உடனே பையிலிருந்து எடுக்காதீர்கள், லென்ஸில் நீர் பூத்துக்கொள்ளும். மண்டபத்துக்குள் ஒரு மணி நேரம் பையோடு கிடக்கட்டும். மடத்துக் காட்சிகள் பலவும் மங்கிய வெளிச்சத்தில் நடப்பவை. ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டுங்கள், இருட்டிய பிறகே தொடங்குங்கள்.

ஒலி அளவை இரண்டு இடங்களில் ஓட்டிப் பார்த்து வையுங்கள். மருத்துவரான சகோதரர் லூக்கிடம் ஊர்ப் பெண் ஒருத்தி காதலைப் பற்றிக் கேட்கும் காட்சி, கடைசி வரிசைக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் இரைய, துறவிகள் தோளோடு தோள் சேர்த்துப் பாடுவார்கள். அங்கே ஸ்பீக்கர் கரகரக்கக் கூடாது.

தமிழ் சப்டைட்டில் நீங்களே தயாரிப்பதானால் கோப்பை யு.டி.எஃப்-8 ஆகச் சேமியுங்கள், இல்லையேல் கட்டம் கட்டமாகத் தெரியும். திரையில் இரண்டு வரிக்கு மேல் போகாதீர்கள். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு பிந்தினால் வி.எல்.சி. பிளேயரில் ஜி, எச் விசைகள் போதும். போகப் போகப் பிந்துகிறதென்றால் ஃபிரேம் வேகம் பொருந்தவில்லை என்று அர்த்தம். நொடிக்கு 24 ஃபிரேமுக்கும் 25-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிடமாகிவிடும். அதைச் சப்டைட்டில் வேகத்தை மாற்றித்தான் சரிசெய்ய முடியும்.

இடைவேளை வேண்டாம், டீயை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். கடைசி இரவு உணவில் லூக் ஒயின் பாட்டில்களை வைத்துவிட்டு 'ஸ்வான் லேக்' கேசட்டைப் போடுவார். பேச்சே கிடையாது, முகம் முகமாகக் கேமரா நகரும், சிரிப்பு கண்ணீராகும். படமே அங்கேதான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாராவது டம்ளர் பொறுக்கினால் எல்லாம் போச்சு.

கேள்வி: ஆபத்து தெரிந்தும் அவர்கள் ஏன் ஊரைவிட்டுப் போகவில்லை? அது வீண் பிடிவாதம் இல்லையா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: பிடிவாதம் என்றால் முதல் நாளே ஒரே குரலில் முடிவெடுத்திருப்பார்கள். படத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்கிறார்கள். போக வேண்டும் என்பவரும் உண்டு, பயத்தில் இரவெல்லாம் தவிப்பவரும் உண்டு. இவர்கள் டிராப்பிஸ்டு என்ற கத்தோலிக்கத் துறவு சபையினர். அந்தத் துறவிகள் தரும் வார்த்தைப்பாடுகளில் (துறவற வாக்குறுதிகளில்) ஒன்று, சேர்ந்த மடத்திலேயே நிலைத்திருப்பது. அல்ஜீரியாவின் திபிரினில் அவர்களைச் சுற்றியிருந்தவர்கள் முஸ்லிம் விவசாயக் குடும்பங்கள்; வைத்தியத்துக்கு லூக்கிடம்தான் வருவார்கள். அவர்களுக்குப் போக இடமில்லாதபோது தாங்கள் மட்டும் எப்படிக் கிளம்புவது என்பதுதான் கேள்வி. தலைவர் கிறிஸ்தியான் எழுதிவைத்த சாசனத்தில், தன்னைக் கொல்லப்போகிறவரையும் கடைசி நிமிட நண்பர் என்று அழைத்து நன்றி சொல்கிறார். தன் சாவுக்காக இஸ்லாம் மீது பழி விழக்கூடாது என்றும் கவலைப்படுகிறார். திரையிடும்போது அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பங்களையும் அழைப்பது பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: கொன்றது யார் என்று படம் காட்டவில்லையே?
– வாசகர், குன்னூர்

பதில்: உறுதியாகத் தெரியாததால்தான். 1996 மார்ச் இறுதியில் ஏழு பேர் கடத்தப்பட்டார்கள். மே 30 அன்று தலைகள் மட்டுமே கிடைத்தன. ஜி.ஐ.ஏ. என்ற ஆயுதக்குழு பொறுப்பேற்றது. ராணுவத்துக்கும் பங்குண்டு என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. படம் அவர்களைப் பனிக்குள் நடக்கவிட்டு முடித்துக்கொள்கிறது.

கேள்வி: ஓடிடி சந்தா இருந்தால் பொதுவில் போட்டுக் காட்டலாமா?
– வாசகர், பெருமாள்மலை

பதில்: கூடாது, அது வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். டிக்கெட் இல்லாவிட்டாலும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான சென்னை அலியான்ஸ் பிரான்சேஸில் முதலில் விசாரியுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் அடிக்கலாம்.