ஷாக் அடிச்ச அப்புறம் யூரின் காப்பி கலர்ல போகுது, பயப்படணுமா டாக்டர்?

கேள்வி: நாங்க கொருக்குப்பேட்டை. முந்தாநாள் மழைல ஈரக்கையோட மோட்டார் போடப் போன என் வீட்டுக்காரருக்கு ஷாக் அடிச்சு கை அப்படியே ஒட்டிக்கிச்சு, மாமியார் பிளாஸ்டிக் சேரால தள்ளி விட்டாங்க. விரல்ல கருப்பா ஒரு புள்ளி, அவ்ளோதான். ஆனா கையெல்லாம் வலி, யூரின் காப்பி கலர்ல போகுது. சூடுன்னு சொல்லி இளநியா குடிக்கிறாரு. ஆஸ்பத்திரி போகணுமா?

பதில்: இப்பவே போங்கம்மா, மீதிய ஆட்டோல உக்காந்து படிங்க. ஸ்டான்லி கவர்மெண்ட் ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கம்தான், எமர்ஜென்சி எந்நேரமும் இருக்கு.

இது சூடு இல்லம்மா. கரண்ட் உள்ள பூந்து போற வழில தசைய வேக வச்சிடும், அப்படி செத்த தசைல இருந்து மயோகுளோபின்னு ஒரு சிவப்புப் பொருள் ரத்தத்துல கலந்து கிட்னில போய் அடைக்கும், அந்தக் கலர்தான் யூரின்ல வருது. வெளிய புள்ளி சின்னதா இருக்கேன்னு நாலு நாள் கழிச்சு வர்றவங்கள பாத்தா எனக்கு மனசு பதறும். வீட்டுக் கரண்ட்ல இது அடிக்கடி வராது, ஆனா கை ஒட்டிக்கிட்டு இருந்திருக்கே, அதான் கவலை.

இளநிய உடனே நிறுத்துங்க. அதுல பொட்டாசியம் ஜாஸ்தி, தசை செத்தா ரத்தத்துல ஏற்கனவே பொட்டாசியம் ஏறியிருக்கும், கிட்னியும் வெளிய தள்ளலன்னா இதயமே நின்னு போகலாம். வலி மாத்திரையும் நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, நிறைய வலி மாத்திரை கிட்னிய இன்னும் கெடுக்கும். அங்க ஈசிஜி, கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியேட்டினின், பொட்டாசியம், தசை எவ்ளோ செத்திருக்குன்னு காட்டுற சிபிகே, யூரின் டெஸ்ட் பாப்பாங்க, ஷாக் அடிச்சத மறக்காம சொல்லுங்க.

கை ஏன் ஒட்டிக்கிச்சுன்னா, நம்ம வீட்டுக்கு வர்றது 230 வோல்ட் ஏசி கரண்ட், அது கைத்தசைய இறுக்கிப் புடிச்சிடும், ஆளு விடணும்னு நெனச்சாலும் விட முடியாது. காஞ்ச தோல் கரண்ட்ட ஓரளவு தடுக்கும், ஈரமானா அந்தத் தடுப்பே போயிடும். உங்க மாமியார் வெறுங்கையால இழுக்காம சேரால தள்ளினாங்க பாருங்க, இல்லன்னா அவங்களும் ஒட்டியிருப்பாங்க. மெயின் சுவிட்ச் கிட்ட இருந்தா மொதல்ல அத ஆஃப் பண்ணணும், ஆளு மூச்சு விடலன்னா 108க்கு போன் போட்டுட்டு நடு நெஞ்சுல நிமிஷத்துக்கு 100லருந்து 120 தடவ அழுத்தணும்.

எலக்ட்ரிஷியன் வந்து எர்த் பாத்து, கரண்ட் லீக் ஆனா தானா ஆஃப் ஆகுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் மாட்டுற வரைக்கும் அந்த மோட்டார யாரும் தொட வேணாம், தண்ணி பக்கத்து வீட்ல புடிச்சுக்கோங்க.